நிகான் இசட்எஃப்: லென்ஸ் மாறினால் கேமராவும் மாறுகிறது

நிகான் இசட்எஃப் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், எந்த லென்ஸோடு என்று நான் திருப்பிக் கேட்கிறேன். 40 மி.மீ. எஃப்/2 லென்ஸை (மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும்; எஃப் எண் குறையக் குறைய அதிக ஒளி உள்ளே வரும்) மாட்டினால் கேமராவைக் கீழே வைக்கவே மனம் வருவதில்லை. அதே கேமராவில் 24-120 மி.மீ. எஃப்/4 லென்ஸை மாட்டிக்கொண்டு அரை நாள் நடந்தால் மணிக்கட்டில் பாரம் இறங்கத் தொடங்குகிறது. படங்கள் என்னவோ அருமையாக வருகின்றன. முப்பது நாற்பது ஆண்டுப் பழைய, கையால் ஃபோகஸ் செய்யும் மேனுவல் லென்ஸ் ஒன்றை அடாப்டர் வழியாகப் பொருத்தினால், இந்த இரண்டிலும் கிடைக்காத வேறொரு வேலைமுறை வாய்க்கிறது. எந்தக் கேமராவுக்கும் லென்ஸ் முக்கியம்தான். ஆனால் லென்ஸோடு சேர்ந்து இந்த அளவுக்குக் குணம் மாறும் கேமராவை நான் முன்பு கையாண்டதில்லை. வெளிவந்த புதிதிலேயே கைக்கு வந்துவிட்டதால், இந்தக் குறுகிய காலத்தில் தெரிந்துகொண்டவற்றை எழுதிவைக்கிறேன். பல ஆண்டுகள் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) பழகியவனின் பார்வை இது.

2023 செப்டம்பர் 20 அன்று நிகான் இதை அறிவித்தது. மேல்தட்டில் பித்தளை டயல்கள், நெற்றியில் நிறுவனத்தின் பழைய எழுத்துருவில் பெயர், கைப்பிடி என்று சொல்லத்தக்க புடைப்பு ஏதும் இல்லாத தட்டையான முன்புறம். 1982-இல் வந்த எஃப்எம்2 ஃபிலிம் கேமராவின் சாயல் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து அலங்காரப் பொருள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உள்ளே இருக்கும் எக்ஸ்பீட் 7 செயலிதான் இசட்9, இசட்8 என்ற உயர்நிலைக் கேமராக்களையும் இயக்குகிறது. சென்சார் மட்டும் புதிது அல்ல. இசட்6 இரண்டாம் பதிப்பில் ஏற்கெனவே பார்த்த 24.5 மெகாபிக்சல் முழுச்சட்டகச் (35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள) சென்சார். ஆகவே நல்ல வெளிச்சத்தில், அசையாத பொருளை இரண்டு கேமராக்களிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். வேறுபாடு தெரிவது வெளிச்சம் குறையும்போதும், எதிரில் இருப்பவர் அசையத் தொடங்கும்போதும். நிறமும் நுணுக்கமும் ஒரேயடியாக உயரும் என்று நினைத்து இசட்6-லிருந்து மாறுகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஃபோகஸுக்காக மாறுகிறவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி காத்திருக்கிறது.

முதலில் 40 மி.மீ. லென்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேமராவோடு சேர்த்து விற்கப்படும் சிறப்புப் பதிப்பு இது. பழைய நிக்கோர் லென்ஸ்களின் வரிப்பள்ளங்களைப் போல வெளிப்புறத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். எடை 170 கிராம். பேட்டரி, கார்டு சேர்த்து 710 கிராம் உள்ள கேமராவோடு கூட்டினால் 880 கிராம். கைப்பிடி இல்லாத குறையே இந்த எடையில் தெரியாது. விரல்களால் உடலைப் பற்றி, கட்டைவிரலைப் பின்புறம் ஊன்றினால் போதும். கழுத்தில் தொங்கவிட்டாலும் லென்ஸின் முகம் தரையை நோக்கிச் சாயாமல் நேராக நிற்கிறது.

எஃப்/2-இல் நடுப்பகுதி தேவையான அளவுக்குக் கூர்மை, ஓரங்கள் மென்மை. எஃப்/4-க்கு வந்தால் ஓரங்களும் நன்றாகத் தெளிந்துவிடுகின்றன. இந்த லென்ஸ் 29 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் எஃப்/2-ஐத் திறந்துவைத்தால் படத்தின் மேல் மெல்லிய புகை படர்ந்தது போன்ற ஒரு நெகிழ்வு வரும். முகத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. புத்தகப் பக்கத்தையோ செடியின் இலை நரம்பையோ எடுப்பதென்றால் எஃப்/4-க்குச் சுருக்கிவிடுவதே நல்லது. பின்னணி மங்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: விளிம்புகள் வெட்டினாற்போல் இல்லாமல் கரைகின்றன. இதைவிடக் கூர்மையான 50 மி.மீ. எஃப்/1.8 எஸ் லென்ஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. எடை 415 கிராம், நீளமும் அதற்கேற்ப. எதையாவது அளந்து பார்ப்பதற்கு அது நல்லது. நாள் முழுக்க மனிதர்களுக்கு நடுவே நடப்பதற்கு 40 மி.மீ.

ஒரு விவரத்தை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தோற்றம் பழைய லென்ஸ் போல இருந்தாலும் இதில் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு) வளையம் இல்லை. இருக்கும் ஒரே வளையத்துக்கு ஃபோகஸ், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வெளிச்சத் திருத்தம் என்று ஏதாவது ஒரு வேலையை மெனுவில் ஒதுக்கலாம். அபெர்ச்சருக்கு ஒதுக்கினால் நன்றாக இருக்கும் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் வளையத்தில் படிப்படியான 'க்ளிக்' இல்லை. விரல் பட்டாலே நகர்கிறது. இதைக் கைப்பட ஃபோகஸைத் திருத்த மட்டும் விட்டுவிட்டு, அபெர்ச்சரை முன்பக்கச் சக்கரத்தில் வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இருட்டில் ஃபோகஸ் செய்யும் திறன்தான் இந்தக் கேமராவின் உண்மையான புதுமை. நிகான் தரும் கணக்கு மைனஸ் 10 இவி (வெளிச்சத்தின் அளவு; எண் குறையக் குறைய இருட்டு). அது எஃப்/1.2 லென்ஸை வைத்துச் சொல்லப்படும் எண் என்பதை மறக்கக் கூடாது. இசட்எஃப் போன்ற மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமராவில் ஃபோகஸ் கணக்கிடப்படுவது சென்சாரின் மேலேயே; லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறதோ அதை வைத்துத்தான் கேமரா தேட முடியும். எஃப்/2-க்கும் எஃப்/4-க்கும் இடையே இரண்டு ஸ்டாப், அதாவது ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அறையில் ஒரு மெழுகுவத்தி மட்டும் எரியும்போது 40 மி.மீ. லென்ஸ் எதிரில் இருப்பவரின் கண்ணைச் சட்டெனப் பிடிக்கிறது. அதே இடத்தில் 24-120 ஒரு முறை முன்னும் பின்னும் தேடிவிட்டுத்தான் நிற்கிறது. மங்கல் வெளிச்சத்தில் வேலை இருக்கிறவர்கள் வேறு எதையும் மாற்றும் முன் லென்ஸைத்தான் மாற்ற வேண்டும்.

மனிதர், நாய், பூனை, பறவை, வாகனங்கள், விமானம் என்று ஒன்பது வகைப் பொருள்களைக் கேமரா தானாக அடையாளம் காணும். 'தானியங்கி' என்று விட்டுவிட்டால் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று இருக்கத் தேவையில்லை. மனிதர்களை மட்டும் எடுக்கும் நாளில் 'மனிதர்' என்று குறித்துவிட்டால் தயக்கம் குறைகிறது. பறவை எடுக்கப் போகும் நாளில் 'விலங்கு'; பறவையும் அதில் அடங்கும். கூட்டத்தில் ஒரு குறிப்பிட்ட முகம்தான் வேண்டும் என்றால் சட்டகம் முழுவதையும் கேமராவிடம் ஒப்படைக்காமல் அகலப் பகுதி ஃபோகஸைத் தேர்ந்து, அந்தப் பெட்டிக்குள் அவர் முகம் விழும்படி வைக்க வேண்டும். ஓடும் குழந்தைக்கு 3டி பின்தொடர்தல். ஒருமுறை கண்ணைப் பிடித்துவிட்டால், குழந்தை திரும்பி முதுகைக் காட்டினாலும் தலையை விடாமல் பின்தொடர்ந்து, முகம் திரும்பியதும் மறுபடி கண்ணுக்கு வந்துவிடுகிறது. டிஎஸ்எல்ஆரில் நடுப்புள்ளியை வைத்து ஃபோகஸ் செய்து, பிறகு சட்டகத்தை நகர்த்தி எடுத்துப் பழகிய கைக்கு இது நம்ப முடியாத விடுதலை.

ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் சிறு ஜாய்ஸ்டிக் இதில் கிடையாது. நான்குதிசைப் பொத்தானால்தான் நகர்த்த வேண்டும். தனி ஆட்டோஃபோகஸ் பொத்தானும் இல்லை. பின்னால் இருக்கும் வெளிச்சப் பூட்டுப் பொத்தானுக்கு அந்த வேலையை மெனுவில் மாற்றிக் கொடுத்துவிடலாம். பொருளை அடையாளம் காணும் வேலையைக் கேமரா இவ்வளவு நன்றாகச் செய்வதால், புள்ளியை நகர்த்தும் தேவை எனக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. செடிகொடிகளையும் அசையாப் பொருள்களையும் அதிகம் எடுப்பவர்களுக்கு இந்த இன்மை உறுத்தலாம்.

நடுக்கத் தடுப்பு 8 ஸ்டாப் என்று குறிப்பிடப்படுகிறது. எண்ணைவிட, அது எந்த இடத்தை மையமாக வைத்துச் செயல்படுகிறது என்பது முக்கியம். வழக்கமாகச் சென்சாரின் நடுப்பகுதி அசையாமல் இருக்கும்படிதான் கணக்கு நடக்கும். கை சுழலும்போதும் சாயும்போதும் ஓரங்கள் நடுவைவிட அதிகமாக நகர்வதால், ஓரத்தில் இருக்கும் முகம் சற்றே கலங்கிப்போகும். இந்தக் கேமரா ஃபோகஸ் புள்ளி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் பிடித்து நிறுத்த முயல்கிறது. லென்ஸிலேயே நடுக்கத் தடுப்பு இருந்தால் இது வேலை செய்யாது, 40 மி.மீ.-இலும் 24-120-இலும் அது இல்லை என்பதால் இரண்டிலும் கிடைக்கிறது. ஆளைச் சட்டகத்தின் ஓரத்தில் வைத்து மெதுவான ஷட்டரில் எடுப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

அதற்காக ஷட்டர் வேகத்தை அளவில்லாமல் குறைக்கக் கூடாது. கால் நொடியில் சுவர் கூர்மையாக வரும். சுவருக்கு முன்னால் தலையைத் திருப்புகிற மனிதர் வரமாட்டார். நடுக்கத் தடுப்பு நம் கையைத்தான் நிறுத்தும், எதிரில் இருப்பவரை நிறுத்தாது. பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு 1/125 நொடி, விளையாடும் குழந்தைகளுக்குக் குறைந்தது 1/500 என்று தானியங்கி ஐஎஸ்ஓவின் குறைந்தபட்ச ஷட்டர் அமைப்பில் எழுதிவைத்துவிடுகிறேன். ஐஎஸ்ஓ 6400 வரை ஏறினாலும் இந்தச் சென்சார் கவலைப்பட வைப்பதில்லை. ஐஎஸ்ஓ ஏறுவதால் படத்தில் தோன்றும் இரைச்சல் புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். அசைந்துபோன கண்ணை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

டயல்களைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அவை அழகாகவும் இருக்கின்றன, சில வேளைகளில் மட்டும் பயன்படவும் செய்கின்றன. ஐஎஸ்ஓ டயலுக்கு அடியில் இருக்கும் நெம்பை 'எம்' (எல்லாவற்றையும் நாமே வைக்கும்) நிலைக்குக் கொண்டுவந்தால் ஷட்டர் டயலும் ஐஎஸ்ஓ டயலும் உயிர்பெறுகின்றன. கேமராவை ஆன் செய்யும் முன்பே மேலிருந்து பார்த்து 1/250, ஐஎஸ்ஓ 400 என்று தெரிந்துகொள்ளலாம். 'ஏ' நிலையில், அதாவது அபெர்ச்சரை மட்டும் நாம் வைத்துக்கொள்ளும் நிலையில், ஷட்டர் டயலில் இருக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. தானியங்கி ஐஎஸ்ஓ வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ டயலை 'சி' என்ற நிலைக்குத் திருப்பி வைத்துவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும். ஷட்டர் டயல் முழு ஸ்டாப்களில்தான் நகரும். இடைப்பட்ட வேகங்கள் வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கும் மூன்றில்-ஒரு-படி நிலைக்குத் திருப்பிப் பின்பக்கச் சக்கரத்தால் மாற்றலாம். புதிதாகப் படம் எடுக்கக் கற்பவருக்கு இந்த அமைப்பைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்று நினைக்கிறேன். மூன்று எண்களும் கண்ணெதிரே இருக்கும்போது ஒன்றைத் திருப்பினால் மற்றொன்றை ஏன் திருப்ப வேண்டும் என்பது விரலுக்கே புரிந்துவிடுகிறது.

ஷட்டர் டயலுக்கு அடியில் இருக்கும் கறுப்பு-வெள்ளை நெம்பை விளம்பர உத்தி என்று நினைத்திருந்தேன். இப்போது அதிகம் தொடுவது அதைத்தான். நகர்த்தியவுடன் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரை) முழுவதும் கறுப்பு-வெள்ளையாகிவிடுகிறது. நிறம் மறைந்ததும் ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பது மட்டும் தெரிகிறது. சட்டகத்தை அமைக்கும் விதமே மாறுகிறது. வழக்கமான கறுப்பு-வெள்ளையோடு, தட்டையான தொனி, ஆழ்ந்த தொனி என்று இரண்டு புதிய வகைகளும் உண்டு. ரா கோப்பாக (சென்சார் தந்த தரவு அப்படியே இருக்கும் கோப்பு) எடுத்தால் நிறம் உள்ளே பத்திரமாக இருக்கும். பிறகு வண்ணத்தில் வேண்டுமென்றாலும் எடுத்துக்கொள்ளலாம். ஜேபெக் மட்டும் எடுத்தால் நிறம் போனது போனதுதான். நெம்பு கறுப்பு-வெள்ளையில் இருக்கும் நாள்களில் ராவும் ஜேபெக்கும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

இனி 24-120. எடை 630 கிராம். கேமராவோடு சேர்த்து 1,340 கிராம். படத்தரத்தில் எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. எல்லாக் குவியதூரங்களிலும் (24 முதல் 120 மி.மீ. வரை) எஃப்/4, எல்லாவற்றிலும் 35 செ.மீ. வரை நெருங்கலாம். 120 மி.மீ.-இல் அவ்வளவு நெருங்கினால் ஏறத்தாழ 9 செ.மீ. அகலமுள்ள பரப்பு சட்டகத்தை நிரப்பிவிடும். வண்ணத்துப்பூச்சிக்கும் பூவுக்கும் தனி மேக்ரோ லென்ஸ் தேடாமல் பாதி வேலை முடிகிறது. பயணத்துக்கு ஒரே லென்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

ஆனால் தட்டையான இந்த உடலோடு அது சேரும்போது எடை முழுவதும் முன்னால் போய்விடுகிறது. வலது கையின் விரல்நுனிகள் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆழமான கைப்பிடியுள்ள இசட்6, இசட்8 கேமராக்களில் இதே லென்ஸ் இவ்வளவு கனமாகத் தெரிவதில்லை. எடை ஒன்றுதான், பிடிமானம்தான் வேறு. இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் வைத்து, எடையை அந்தக் கையே சுமக்கும்படி பழகிக்கொள்வது. வலது கை வழிகாட்ட மட்டும் செய்தால் போதும். இரண்டாவது, அடியில் திருகிப் பொருத்தும் கூடுதல் கைப்பிடி. இது பெரிய மாற்றத்தைத் தருகிறது. வாங்கும்போது பேட்டரிக் கதவை மறைக்காத கைப்பிடியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஏனென்றால் மெமரி கார்டுகளும் அந்தக் கதவுக்குள்தான் இருக்கின்றன. மூன்றாவது, இந்தக் கேமராவுக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போதே 500 கிராமை எல்லையாக வைத்துக்கொள்வது. 85 மி.மீ. எஃப்/1.8 எஸ் 470 கிராம். அது வரை கை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் போகிறவர்கள் கைப்பிடியின் விலையையும் லென்ஸின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

என் மனத்தை முழுவதுமாகக் கவர்ந்தது பழைய லென்ஸ்களோடு இந்தக் கேமரா நடந்துகொள்ளும் விதம். நிகானின் எஃப் மவுண்ட் (லென்ஸ் பொருந்தும் வளையம்) 1959-இல் தொடங்கியது. அந்த மவுண்டில் லென்ஸின் அடிப்பகுதிக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம். இசட் மவுண்டில் அது 16 மி.மீ.தான், கண்ணாடி நிற்க வேண்டிய இடம் தேவைப்படாததால் அவ்வளவு நெருங்க முடிந்திருக்கிறது. மிச்சமுள்ள 30.5 மி.மீ. இடைவெளியை எஃப்டிஇசட் அடாப்டர் நிரப்புகிறது. உள்ளே கண்ணாடி வில்லை எதுவும் இல்லை. ஆகவே படத்தரத்தில் இழப்பும் இல்லை. இரண்டாம் பதிப்பு அடாப்டர் 125 கிராம்.

அடாப்டர் வாங்கும் முன் உங்கள் லென்ஸின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். 'ஏஎஃப்-எஸ்', 'ஏஎஃப்-பி' என்று இருந்தால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். வெறும் 'ஏஎஃப்' என்றோ 'டி' என்றோ இருந்தால், அந்த லென்ஸைத் திருக வேண்டிய மோட்டார் பழைய கேமரா உடலில் இருந்தது. அடாப்டரில் அது இல்லை. வெளிச்ச அளவீடு கிடைக்கும், ஃபோகஸ் மட்டும் கையால்தான். டிஎஸ்எல்ஆர் காலத்தில் சேர்த்த 'டி' லென்ஸ்கள் நிறைய வைத்திருப்பவர்கள் இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு வருந்துகிறார்கள்.

முழுக்க மேனுவல் லென்ஸ்களுக்கு இந்தக் கேமரா புதுவாழ்வு கொடுத்திருக்கிறது. என்னிடம் ஒரு பழைய 105 மி.மீ. எஃப்/2.5 நிக்கோர் இருக்கிறது. டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டரில் அதை எஃப்/2.5-இல் கண்ணில் சரியாக ஃபோகஸ் செய்வது பெரும்பாடு. இசட்எஃப் என்ன செய்கிறது என்றால், ஆட்டோஃபோகஸே இல்லாத லென்ஸிலும் முகத்தையும் கண்ணையும் தேடிக் கண்டுபிடித்து அதன் மேல் ஒரு பெட்டியைப் போட்டுவிடுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் சட்டகம் அந்தக் கண் இருக்கும் இடத்துக்கே சென்று பெரிதாகிறது. வளையத்தைத் திருப்பி இமைமுடி தெளிவானதும் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் முழுச் சட்டகம் திரும்பி வந்துவிடுகிறது. முன்பெல்லாம் பெரிதாக்கும் இடத்தைத் தேடி நகர்த்துவதற்குள் எதிரில் இருப்பவரின் முகபாவம் மாறிவிடும். இப்போது அந்தத் தாமதம் இல்லை. இந்த ஒரு வசதிக்காகவே பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தக் கேமராவைப் பார்க்கலாம்.

இதற்குச் சில முன்னேற்பாடுகள் தேவை. மெனுவில் 'சிபியு இல்லாத லென்ஸ்' (கேமராவோடு தகவல் பேசும் சிப் இல்லாத பழைய லென்ஸ்) என்ற பகுதியில் குவியதூரத்தையும் அதிகபட்ச அபெர்ச்சரையும் பதிந்துவைக்க வேண்டும். 20 லென்ஸ்கள் வரை சேமிக்கலாம். படத்தோடு தகவல் பதிவாவதற்கு மட்டும் இது தேவை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. நடுக்கத் தடுப்பு எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதைக் குவியதூரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. 50 மி.மீ. என்று பதிந்திருக்கும் நிலையில் 105 மி.மீ. லென்ஸை மாட்டினால் பாதிதான் ஈடுகட்டும். எதிர்மாறாக வைத்தால் அளவுக்கு மீறித் தள்ளி, படத்தை அதுவே கலக்கிவிடும். லென்ஸ் மாற்றியதும் முதல் வேலையாக இந்த எண்ணை மாற்றும் வகையில், அந்தப் பட்டியலை ஒரு பொத்தானுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மேனுவல் லென்ஸின் அபெர்ச்சரை எதில் வைத்திருக்கிறோமோ அந்த அளவுக்குத் துளை எப்போதும் சுருங்கியே இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எஃப்/8-இல் வைத்துக்கொண்டு ஃபோகஸ் செய்தால் எல்லாமே ஓரளவு தெளிவாகத் தெரியும், எது உச்சத் தெளிவு என்று பிடிபடாது. எஃப்/2.5-இல் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு சுருக்குவது பொதுவாகச் சரியான முறை. சில லென்ஸ்களில், குறிப்பாகப் பழைய எஃப்/1.4, எஃப்/1.2 லென்ஸ்களில், துளையைச் சுருக்கும்போது ஃபோகஸ் விழும் இடமே சற்று நகரும். அவற்றை எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே வைத்து ஃபோகஸ் செய்வது நல்லது. விளிம்புகளில் நிறக்கோடு காட்டும் 'பீக்கிங்' வசதியை நான் அணைத்துவிட்டேன். மாறுபாடு அதிகமுள்ள இடங்களில் எல்லாம் அது கோடு போடுகிறது. கண்ணும் புருவமும் ஒரே நேரத்தில் தெளிவாக இருப்பதாக நம்ப வைக்கிறது.

மின் ஷட்டரைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஓசையே இல்லாத நிலையை மெனுவில் ஆன் செய்தால் இயந்திர ஷட்டர் நின்று, சென்சார் வரிவரியாக வாசிக்கப்படுகிறது. மேலிருந்து கீழ்வரை வாசித்து முடிக்க ஒரு நொடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு ஆகிறது. இசட்8, இசட்9 கேமராக்களின் அடுக்குச் சென்சார்கள் இதைப் பல மடங்கு வேகமாகச் செய்துவிடும். இந்த வேகத்தில் வாசிக்கும்போது ஓடும் பஸ்ஸின் கம்பங்கள் சாய்ந்துவிடுகின்றன, மட்டையைச் சுழற்றுபவரின் கை வளைந்துவிடுகிறது. ஷட்டரை 1/4000 என்று வைத்தாலும் இது மாறாது. ஒவ்வொரு வரியும் 1/4000 நொடிதான், ஆனால் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையிலான நேரம் அதேதான்.

விளக்கொளியிலும் இதே சிக்கல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுங்குகின்றன. சென்சார் வாசித்து முடிப்பதற்குள் ஐந்து முறை விளக்கு ஏறி இறங்கிவிடுவதால், வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே ஐந்து இருண்ட பட்டைகள் விழுகின்றன. வ்யூஃபைண்டரில் பட்டை தெரிந்தால் உடனே ஓசையற்ற நிலையை அணைத்துவிட்டு இயந்திர ஷட்டருக்கு வாருங்கள். ஓசை கூடவே கூடாத இடம் என்றால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் நிறுத்துங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 1/120 அல்லது 1/60. வேறு அலைவேகத்தில் மினுங்கும் எல்இடி விளக்குகளுக்கு, 'உயர் அதிர்வெண் மினுக்கக் குறைப்பு' என்ற அமைப்பை ஆன் செய்து, பட்டை மறையும் வரை ஷட்டர் வேகத்தை மிக நுண்ணிய படிகளில் நகர்த்தலாம். மேடை நிகழ்ச்சி எடுப்பவர்கள் இதை முதலிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. நொடிக்கு 30 சட்டகம் வரை 4கே முழு அகலத்தில் கிடைக்கிறது. 60 என்றால் சட்டகம் ஒன்றரை மடங்கு வெட்டுப்படுகிறது.

கார்டு இடங்கள் இரண்டு: ஒன்று எஸ்டி, மற்றொன்று மைக்ரோ எஸ்டி. மைக்ரோ எஸ்டி கார்டை விரலால் எடுப்பது சிரமம், வேகமும் குறைவு. அதை வெளியே எடுக்காமல் உள்ளேயே நிரந்தரமாக விட்டு, ஜேபெக் நகல்களுக்கு ஒதுக்கிவிட்டேன். ராவை எஸ்டி கார்டுக்கு அனுப்பினால் இரண்டும் மோதுவதில்லை. முக்காலியின் தகடு பேட்டரிக் கதவை மறைக்கிறதா என்று ஒருமுறை பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேட்டரிக்கு 360 முதல் 380 படங்கள் என்பது தரக்கணக்கு. மிரர்லெஸ் கேமராவில் பேட்டரியைத் தின்பது படங்களின் எண்ணிக்கையைவிட வ்யூஃபைண்டர் விழித்திருக்கும் நேரம்தான். தொடர்ச்சியாக எடுத்தால் இதைவிட இரண்டு மூன்று மடங்கு கிடைக்கும். காத்திருந்து காத்திருந்து எடுத்தால் குறையும். கண்ணிலிருந்து எடுத்ததும் அணைந்துவிடும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். யுஎஸ்பி-சி வழியாகக் கேமராவிலேயே சார்ஜ் ஆகும். டிஎஸ்எல்ஆரிலிருந்து வருபவர்கள் லென்ஸ் மாற்றும்போது கேமராவின் வாயைத் தரையை நோக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். இதில் கண்ணாடியும் கிடையாது, அணைத்தவுடன் சென்சாரை மூடும் திரையும் கிடையாது. தூசி நேராகச் சென்சாரில்தான் அமரும்.

வ்யூஃபைண்டரின் ஒளியளவைத் தானியங்கியில் விடாமல் ஒரே அளவில் நிறுத்திவையுங்கள். தானாக ஏறி இறங்கும் திரையை நம்பி வெளிச்சத்தை முடிவு செய்தால், இருட்டில் எடுத்த படம் கணினியில் எதிர்பார்த்ததைவிடக் கறுத்திருக்கும். ஐயம் வந்தால் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள்.

பறவை, விளையாட்டு என்று தூரத்தை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸோடு வாழ்பவர்களுக்கு இந்தக் கேமராவைப் பரிந்துரைக்க மாட்டேன். ஃபோகஸ் திறன் இருக்கிறது, பிடிமானம் போதாது. மனிதர்களை, வீட்டுக்குள், மாலை வெளிச்சத்தில், அருகிலிருந்து எடுப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் 40 மி.மீ. லென்ஸோடு வாங்கி, அதிலேயே சில மாதங்கள் எடுத்துப் பாருங்கள். அகலம் போதவில்லை என்று அடிக்கடி தோன்றினால் 28 மி.மீ. எஃப்/2.8, அதுவும் சிறியது, 19 செ.மீ. வரை நெருங்கும். நெருக்கம் போதவில்லை என்று தோன்றினால் 85 மி.மீ. எஃப்/1.8. பயணம்தான் முதன்மை என்பவர்கள் 24-120-ஐயும் கூடுதல் கைப்பிடியையும் சேர்த்தே வாங்கிவிடலாம். அலமாரியில் பழைய நிக்கோர் லென்ஸ்கள் வைத்திருப்பவர்களுக்குத் தொடக்கத்தில் புதிய லென்ஸ் எதுவுமே வேண்டாம். கேமராவும் அடாப்டரும் போதும். வாங்கிய அன்றே ஒவ்வொரு லென்ஸின் குவியதூரத்தையும் மெனுவில் பதிந்துவிடுங்கள்.